ஊசி ரிஜிஸ்டர்

பனியன் கம்பெனி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு டைலர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் ஒரு டீ-சர்ட் திருப்பூரை விட்டுக் கிளம்புவதற்குள் கைமடிக்கிறவர், பிசிறு வெட்டுகிறவர், செக்கிங் பார்க்கிறவர், அயர்ன் போடுகிறவர், பேக்கிங் செய்கிறவர் என்று எத்தனையோ கை மாறிவிடும். அந்தக் கூட்டத்தில் யாருமே கவனிக்காத வேலை ஒன்று உண்டு: புரொடக்‌ஷன் ரைட்டர். பிளஸ் டூ முடித்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தியோடு பஸ் ஏறி வந்த எனக்கு வாய்த்தது அதுதான். தைக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருக்கும். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர அந்தத் தகுதியே போதுமானதாக இருந்தது.

மணிக்கு ஒருமுறை லைன் நெடுக நடக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மிஷினிலும் எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது என்று எண்ணி, அட்டையில் செருகிய தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு லைன் முகப்பில் மாட்டியிருக்கும் வெள்ளைப் போர்டில் ஏற்ற வேண்டும். டார்கெட் 100 என்றால், அதைத் தொட்டவர்களுக்குப் பச்சை மார்க்கர், தொடாதவர்களுக்குச் சிவப்பு. போர்டில் பெயர் இருக்காது; மிஷின் நம்பர்தான். எந்த நம்பரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும்; அதனால் பெயர் இல்லாததில் யாருக்கும் லாபமில்லை.

அந்த வேலை எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. சூப்பர்வைசர் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறார் என்பதை விட்டுவிட்டு, எந்த எண்ணுக்காகக் கத்துகிறார் என்று பார்க்கிற பழக்கம். வேலையிடத்துக் கொடுமையைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பழக்கம் கற்றுக்கொடுத்ததுதான்.

எங்கள் லைனில் சைடு ஓவர்லாக் மிஷின் இரண்டு. டீ-சர்ட்டின் கை நுனியில் ஆரம்பித்து, அக்குள் வழியாக அடிவரை ஒரே இழுப்பில் ஓட்டுகிற வேலை. அக்குளில் தையல்கள் வந்து கூடுகிற இடத்தில் கை கொஞ்சம் தடுமாறினாலும் பீஸ் ஆல்ட்டர் ஆகித் திரும்பி வந்துவிடும். 14ஆம் நம்பர் மிஷினில் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர். 15ஆம் நம்பரில் பெருமாநல்லூர் அக்கா. இரண்டு பேருமே பல வருஷம் ஓவர்லாக் ஓட்டியவர்கள். என் தாளில் இருவரின் எண்களும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் வந்துகொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கும்போது தேனி அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வியாழக்கிழமை ஒன்றரை ஷிப்ட் ஓட்டுனேன், அந்த அரை ஷிப்ட் விட்டுப்போச்சு" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "பார்த்துக்கலாம் அம்மிணி, ஓடியா போயிருவோம்?" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்த அரை ஷிப்ட் காசு வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் கேலி. காலை டீக்கு பெல் அடிக்கும் சமயம் பார்த்து, "ஏம்மா ரைட்டரு, 14ஆம் நம்பரைக் கொஞ்சம் சத்தமாப் படி, எல்லாரும் கேட்கட்டும்" என்பார். நான் எழுபத்திரண்டு என்று படித்தால், "எழுபத்திரண்டா? வைகைத் தண்ணி குடிச்ச கையி, மெதுவாத்தான் ஓடும்" என்பார். லைன் சிரிக்கும். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால், "என்ன, கோபமாக்கும்?" என்று அதற்கும் ஒன்று வரும்.

அப்புறம் டோக்கன். பாத்ரூம் போக லைனுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் தொங்கும். அக்கா போய்க் கேட்டால், "இப்பத்தானே போயிட்டு வந்தே" என்பார். போயிருக்கவே மாட்டார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் நேரம் முழுக்கக் கழிப்பறை அவருக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் சுருக்கம் எங்கள் கம்பெனி வாசலிலேயே தமிழில் ஒட்டியிருந்தது. அதன் மேல்தான் தண்ணீர் கேன் வைக்கும் ஸ்டாண்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு ஓவர்டைம். ஒன்றரை ஷிப்ட் ஓட்ட ஆள் எடுக்கும்போது சூப்பர்வைசர் அக்காவின் நம்பரை விட்டுவிட்டுப் போவார். வாடகையும் ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளின் செலவும் அந்த அரை ஷிப்ட் காசில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, "உனக்கு உடம்பு முடியலைன்னு நினைச்சேன்" என்று அக்கறையாகப் பதில் வந்தது. வெளியிலிருந்து கேட்பவருக்கு அந்த வார்த்தையில் ஒரு குற்றமும் தெரியாது.

கடைசியாக மிஷின். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் அவர் ஓட்டிக்கொண்டிருந்த மிஷின் வேறு லைனுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு பழைய மிஷின். நூல் அறுந்தது, தையல் விட்டுவிட்டு விழுந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஊசி உடைந்தது.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைவது சின்ன விஷயமில்லை. உடைந்த துண்டு ஒரு குழந்தையின் உடுப்பில் சிக்கிக் கடல் தாண்டிப் போய்விட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும். அதனால் ஊசி உடைந்த உடனே டைலர் மிஷினை நிறுத்த வேண்டும். தட்டைக் கழற்றி, மடியை உதறி, தரையில் குனிந்து எல்லாத் துண்டுகளையும் பொறுக்க வேண்டும். அவற்றை ஊசி ரிஜிஸ்டரில் செலோ டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று சரிபார்த்து, தேதி, மணி, மிஷின் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தால் அந்தப் பண்டலே மெட்டல் டிடெக்டருக்குப் போகும். இவ்வளவும் முடிவதற்குள் பத்து நிமிஷமாவது போய்விடும். அந்த நிமிஷங்களை டார்கெட்டில் யாரும் கழிப்பதில்லை. அக்கா தரையில் காந்தம் வைத்துத் துழாவிக்கொண்டிருப்பார்; அதே நேரம் போர்டுக்குப் பக்கத்திலிருந்து, "14ஆம் நம்பர் தூங்குதா?" என்று குரல் வரும்.

இத்தனைக்கும் அந்த மனிதர் என்னிடம் தங்கமாகப் பழகினார். ஊருக்குப் போக லீவு கேட்டால் மறுபேச்சு இல்லை. கைமடிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் தன் காசில் போண்டா வாங்கித் தருவார். அதனால்தான் லைனில் பலருக்கும் நடப்பது என்னவென்று புரியவில்லை. "அண்ணன் நல்லவருதான், இந்த அக்காவுக்குத்தான் வேலை சரியா ஓடலை" என்றுதான் பேசிக்கொண்டார்கள். கொடுமை செய்கிறவர் எல்லாரிடமும் கொடுமையாக நடப்பார் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

என் கையில் தாள் இருந்ததால் எனக்கு வேறொன்று தெரிந்தது. கை பூட்டும் மிஷினில் வேலை தேங்கும் நாட்களில் இரண்டு சைடு ஓவர்லாக்குக்குமே பண்டல் வராது. அப்போது தேனி அக்கா எழுபத்திரண்டு, பெருமாநல்லூர் அக்கா எழுபத்திரண்டு. சில மணி நேரம் பெருமாநல்லூர் அக்கா இன்னும் இரண்டு குறைவு. இரண்டுமே என் சிவப்பு மார்க்கரில், அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தன. சத்தம் மட்டும் எப்போதும் ஒரே கட்டத்துக்கு விழுந்தது.

திட்டையும் கொடுமையையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த அளவுகோல் அதுதான். திருப்பூரில் திட்டு வாங்காத தொழிலாளி கிடையாது. ஷிப்மென்ட் நேரத்தில் மேனேஜர் சூப்பர்வைசரைத் திட்டுவார், சூப்பர்வைசர் டைலரைத் திட்டுவார், டைலர் கைமடிக்கிற பிள்ளையைத் திட்டுவார். சரக்கு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். அந்தத் திட்டு பீஸைத் தேடி வருகிறது. பீஸ் சரியானால் நின்றுவிடும். இன்னொரு வகை ஆளைத் தேடி வருகிறது. டார்கெட்டை எட்டினால், "இன்னைக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?" என்று கேட்கும். எட்டாவிட்டால் ஊரை இழுக்கும். அதே குறையோடு பக்கத்தில் இருக்கிறவரைத் தாண்டிப் போகும்.

ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் வாழ்ந்த உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். வேலையிடங்களில் ஓர் ஆளைக் குறிவைத்துச் செய்யப்படும் 45 விதமான நடத்தைகளை அவர் பட்டியலிட்டார். பேசவிடாமல் செய்வது, மற்றவர்களிடமிருந்து ஒதுக்குவது, பெயரைக் கெடுப்பது, வேலையைப் பிடுங்குவது அல்லது முடியாத வேலையைக் கொடுப்பது, உடம்பைக் கெடுப்பது என்று அவற்றை ஐந்து கூறாகப் பிரித்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் அவர் கணக்கில் அது சேரும். பல வருஷம் கழித்து இதைப் படித்தபோது, டோக்கனும் ஓவர்டைமும் பழைய மிஷினும் எந்தெந்தக் கூறில் வரும் என்று என்னால் சொல்ல முடிந்தது. ஸ்வீடன் 1993இலேயே இதற்கென்று தனி விதி கொண்டுவந்துவிட்டது.

எங்கள் லைனில் இதெல்லாம் நடந்த வருஷம் 2011. ஜனவரிக் கடைசியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டிருந்தது. சாயம் ஏறாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. துணி வெளியூர் போய்ச் சாயம் ஏறி வரத் தாமதமானது. கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் செலவு கம்பெனி தலையில். கரண்ட் கட் வேறு. எங்கள் சூப்பர்வைசரின் தலைக்கு மேலும் ஒரு போர்டு தொங்கத்தான் செய்தது. அவரை நிற்கவைத்து மேனேஜர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்லிப் பலர் அவருக்குப் பரிந்து பேசினார்கள். அழுத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் அழுத்தம் லைன் முழுக்கப் பொதுவானது. அது ஏன் ஒரே மிஷின் மேல் இறங்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வேலை குறைந்த காலம் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வருஷம் அவருக்குச் செய்த உதவி அதுதான்.

என்னைப் பயமுறுத்தியது அக்காவின் கை. கொடுமை நடக்க நடக்க அவர் உண்மையாகவே மெதுவாகிக்கொண்டிருந்தார். நல்ல மிஷினில் மாற்றி உட்காரவைத்த ஒரு நாளும் எண்ணிக்கை ஏறவில்லை. அக்குள் தையலுக்கு வரும்போது நிறுத்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி ஓட்டினார். போர்டுப் பக்கம் யாராவது நடந்தால் தோள் ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வயிறு கலக்க ஆரம்பித்துவிடுகிறது என்றார். "பாப்பா, எனக்கு நிசமாவே வேலை மறந்துருச்சோ என்னமோ" என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்லி ஒரு பயனும் இல்லை. பழைய தாள்களைக் காட்டினேன். மிஷின் மாறுவதற்கு முந்தைய வாரங்களில் 98, 101, 96 என்று அவர் நம்பருக்கு நேரே பச்சையும் சிவப்புமாக எழுதியிருந்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு ஓட்டுனேனா?" என்றார்.

அதற்குள் மூன்று வழிகள் முயன்று பார்த்தாகிவிட்டது. புகார்ப் பெட்டியில் பெயர் போடாமல் ஒரு சீட்டு போட்டார். அடுத்த நாள் லைனில் எல்லார் முன்னாலும், "பெட்டியில யாரோ கவிதை எழுதியிருக்காங்க" என்ற கேலி வந்தது. எச்.ஆர். மேடத்திடம் போய் அழுதார். "அவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கேட்டில் வந்து சண்டை போட்டார். வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் அவர் பெயர் ஏறியது. "குடும்பத்துல பிரச்சினை, அதான் வேலை ஓடலை" என்று சூப்பர்வைசருக்குப் புதுக் காரணமும் கிடைத்தது. மூன்றிலும் அக்கா தன் மனசில் பட்டதைச் சொன்னார். மனசில் பட்டதை, "உனக்கு அப்படித் தோணுது" என்ற ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியும்.

நாலாவது வழி மெக்கானிக் அண்ணன் போட்டது. அவருக்கு அந்தப் பழைய மிஷினைக் கண்டாலே எரிச்சல். "எத்தனை தடவை டைமிங் பார்த்தாலும் நிக்கமாட்டேங்குது, ரிப்பேர் ரிஜிஸ்டர்ல எழுதி எழுதிக் கை ஓயுது" என்று புலம்பினார். அதைக் கேட்டபோதுதான் பிடி கிடைத்தது. மிஷின் எந்தத் தேதியில் மாறியது என்பது அவர் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து 14ஆம் நம்பரில் எத்தனை ஊசி உடைந்தது, எத்தனை மணிக்கு உடைந்தது என்பது ஊசி ரிஜிஸ்டரில், உடைந்த ஊசியோடு சேர்த்தே இருக்கிறது. ஒவ்வொரு மணியும் எத்தனை பீஸ் ஓடியது என்பது என் தாளில் இருக்கிறது. மூன்றும் கம்பெனி வைக்கச் சொல்லி வைத்தவை. பையரின் ஆடிட்டர் வந்தால் முதலில் எடுத்துக்காட்டுகிற காகிதங்கள். எவரும், "நீயா எழுதிக்கிட்டது" என்று சொல்ல முடியாது.

ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். தேதி, மணி, ஊசி, பீஸ். அதில் ஒரு குறைசொல்லும் வார்த்தையும் இல்லை. சூப்பர்வைசர் பெயர்கூட இல்லை. ஊசி உடைந்த மணிக்கு நேரே பீஸ் விழுந்திருந்தது, அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் 15ஆம் நம்பரின் எண்ணையும் எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் அது பெருமாநல்லூர் அக்காவுடைய எண். அவரிடம் கேட்காமல் எழுத மனசு வரவில்லை.

கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு என்ன வந்தது? உள்ளூர்க்காரர். சூப்பர்வைசர் அவரை "அக்கா, வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். எண் குறைந்தாலும் கேட்பாரில்லை. தன் குறையைத் தானே எடுத்து மேனேஜர் முன்னால் வைப்பது யாருக்கும் பிடிக்காது. "யோசிச்சுச் சொல்றனே" என்று போய்விட்டார். மறுநாள் காலையில், "எழுதிக்க கண்ணு. நானும் வாரேன்" என்றார்.

நாலு பேருமாகத்தான் போனோம். ஃப்ளோர் மேனேஜர் வயதானவர். தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மெக்கானிக் அண்ணன் மிஷினைப் பற்றிச் சொன்னார். மேனேஜர், "மிஷின் தொந்தரவுன்னா மாத்திக்கலாம், இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?" என்றார். அதோடு முடிந்திருக்கும். அப்போது பெருமாநல்லூர் அக்கா வாயைத் திறந்தார்.

"மிஷினு மட்டுமில்லீங் சார். எனக்கும் அதே எழுபத்திரண்டுதானுங். என்னைய ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லீங்களே."

மேனேஜர் மறுபடி தாளைப் பார்த்தார். 14க்கும் 15க்கும் நேரே விரலை வைத்துக் கீழே வரை ஓட்டினார். அதற்கு மேல் அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எச்.ஆர். மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

நல்லது உடனே நடந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மிஷின் மாறியது. போர்டைச் சத்தமாகப் படிக்கிற வழக்கம் நின்றது. டோக்கனை மேஜையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். சூப்பர்வைசரை வேறு ஃப்ளோருக்கு மாற்றினார்கள். அவர் போவதற்குள் என்னைப் பிசிறு வெட்டும் டேபிளுக்குத் தள்ளிவிட்டுத்தான் போனார். பகல் முழுக்க நின்றுகொண்டு நூல் பிசிறு நறுக்கினேன். மாசக் கடைசியில் ஆபீஸில் யாருடைய கையெழுத்தும் புரியவில்லை என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சொன்னவர் மேல் கொஞ்சம் தூசி விழத்தான் செய்யும். அதற்கு மனசைத் தயார்செய்துகொண்டு போனால் விழும்போது திடுக்கென்று இருக்காது.

தேனி அக்காவின் எண் பழையபடி ஏறப் பல வாரம் பிடித்தது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு அவர் நின்றுகொண்டார். அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்து, பிறகு அங்கேயே புதுப் பிள்ளைகளுக்கு ஓவர்லாக் பழக்கிவிடுகிறவராக ஆனார். "இங்க இம்புட்டு நடந்த பொறகும் ஏன்க்கா போனீங்க?" என்று கேட்டேன். "அந்தச் சேர்ல உக்காந்தா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது பாப்பா" என்றார். நியாயம் கிடைத்த இடத்திலேயே இருந்து காட்ட வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த நாம் யார்?

நான் அஞ்சல் வழியில் பட்டம் படித்து, தொழிலாளர் பயிற்சி வேலைக்கு வந்தேன். இப்போது சில கம்பெனிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காருகிறேன். அங்கே வரும் புகார்களில் ஒரு பகுதியை நாங்கள் தொட முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்று தெளிவாக வழி சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளியைப் பலர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். "சம்பளத்துல கட் பண்ணிருவேன்" என்று மிரட்டுகிறவரிடம், அபராதம் அந்தக் காலச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விளக்கம் கேட்காமல் போடவும் கூடாது என்று ஊதியச் சட்டத்தைக் காட்டலாம். ஆனால் பாலியலும் இல்லை, சாதிப் பெயரும் இல்லை, ஓர் ஆளைக் குறிவைத்து மாதக்கணக்கில் நசுக்குகிறார்கள் என்றால், அதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை அந்த இடைவெளியைப் பார்த்திருக்கிறது. உடல், மனம், பாலியல் என்பவற்றோடு பொருளாதாரத் தீங்கையும் அது வன்முறையாகவும் துன்புறுத்தலாகவும் கணக்கெடுக்கிறது. ஓவர்டைமிலிருந்து நம்பரை விட்டுவிட்டுப் போவதற்கு அதில் இடம் உண்டு. ஒரே ஒரு முறை நடந்தாலும் போதும் என்கிறது. 2021 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் உறுதிசெய்யவில்லை.

சட்டம் வருவதற்குள் தொழிலாளர்களே வழி கண்ட இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தோடு வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, தையல் ஃப்ளோரிலேயே வேலை செய்யும் பெண்களைப் பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தது. அடுத்த மிஷினில் உட்கார்ந்திருப்பவர் பார்த்து, பயமில்லாமல் சொல்ல முடிந்தது. நாங்கள் நாலு பேர் எங்களுக்குத் தெரிந்த மட்டில் செய்ததை அவர்கள் ஏற்பாடாகவே ஆக்கிவிட்டார்கள்.

பயிற்சியில் பெண்கள் அடிக்கடி கேட்பது, வேலையை விட்டுவிடலாமா என்பதுதான். விடலாம். கம்பெனிக்குக் கம்பெனி கேட்டில் "டைலர் தேவை" போர்டு தொங்குகிற ஊரில் உடம்பையும் மனசையும் கெடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் நடுவாரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே சட்டப்படி போனஸ் உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். பி.எஃப். கணக்கு எண், சம்பளச் சீட்டு, வருகைக் கணக்கு எல்லாம் கையில் வந்த பிறகு போங்கள். முக்கியமாக, உங்கள் வேலையைப் பற்றி அவர் சொன்னதை நம்பிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் பழைய எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் அடிவாங்குகிறவருக்குச் சொல்வது. கூட்டத்தில் மீதிப் பேருக்கு நான் சொல்வது வேறு. "உங்களை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. அதனால் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "உங்கள் பக்கத்தில் அதே வேலை செய்கிறவருக்கு, உங்களுக்கு விழாத திட்டு விழுகிறதா?" என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கைகள் உயர ஆரம்பிக்கும். அடிபட்டவர் சொன்னால் வேலை தெரியாதவரின் சாக்கு என்பார்கள். மெக்கானிக் சொன்னால் மிஷின் விஷயம் என்பார்கள். அதே குறை இருந்தும் திட்டு விழாதவர் எழுந்து, "எனக்கும் அதே எண்தான்" என்று சொன்னால், அதற்குப் பதில் சொல்ல எந்த மேனேஜரிடமும் ஒரு வார்த்தை இருந்து நான் பார்த்ததில்லை.